நல்ல தண்ணி

முண்டு மிளகாய் நாற்று, இருபத்தொரு நாள்.
ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் உப்பு:
ஐம்பது, நூறு, நூற்றைம்பது.
முதல் வரிசைக்கு மட்டும் எதுவும் சேர்க்கவில்லை.
அதன் அட்டையில் ராபியத்து எழுதியிருந்தாள்
"நல்ல தண்ணி".

தேவிபட்டினத்துக் காற்று
ஜன்னல் கம்பியையே தின்கிறது.
நாற்றுக்கு ஓடத் தெரியாது.
குடித்த உப்பைப் பழைய இலைக்குத் தள்ளி
அதைக் கருகக் கொடுத்துவிட்டு
குருத்தை வைத்துக்கொள்கிறது.
செல்லுக்குள் புரோலினைச் சேர்க்கிறது,
இருக்கிற ஈரமாவது
கையைவிட்டுப் போகாமல் இருக்க.

சாலிசிலிக் அமிலத்தில் ஓரிரவு ஊறிய விதைகள்
குட்டையாக, தடித்த இலையோடு நின்றன.
ஜிப்ரலின் பட்டவை நெடுநெடுவென்று வளர்ந்து
பதினெட்டாம் நாள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி.

இலையை அரைத்து நின்ஹைட்ரின் ஊற்றி
ஒரு மணி நேரம் கொதிநீரில்.
பிறகு பனிக்கட்டி
(மீன் ஏலக்கூடத்தில் வாங்கியது,
உள்ளே ஒரு செதில்).
பிறகு டொலுவீன்.
எவ்வளவு பட்டதோ அவ்வளவு சிவப்பு
குழாயின் மேல்பாதியில் ஏறி நிற்கும்.

விரல் நுனியெல்லாம் ஊதாக் கறை.
"எந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டே?"
என்றார் கண்டக்டர்.
மருந்தில் அந்த நிறமில்லை,
தோலில் இருக்கும் புரோலினின் பங்காளிகளை
அது கண்டுபிடித்துவிடுகிறது
என்றெல்லாம் சில்லறை வாங்கும்போது
சொல்ல முடியுமா.

நேற்று முதல் வரிசையின் முறை.
பேருக்கு நிறம் காட்ட வேண்டிய குழாய்
ஐம்பதின் பக்கத்தில் வைத்தால்
எது எதுவென்று தெரியவில்லை.
மறுபடி செய்தாள்.
மறுபடியும்.

பூவலிங்கம் வாசலில் நின்றபடி சொன்னார்:
வடிநீர்க் கருவி படுத்துப் பத்து நாள்.
காவிரிக் குழாயிலும் காற்றுதான்.
"கேணித் தண்ணிதாம்மா ஊத்துனேன்.
வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன்.
நல்ல தண்ணி."

மின்கடத்துமானியை வாளிக்குள் விட்டாள்.
மூன்று புள்ளி இரண்டு.
ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே;
மீதியைத் தொட்டி மண்ணும் வெயிலும்
பத்து நாளில் சேர்த்திருக்கும்.

நோட்டில் அந்தப் பத்தியை அடித்தாள்.
புது விதை ஊறப்போட வேண்டும்,
மதுரையிலிருந்து இரண்டு கேன் வர வேண்டும்,
வழிகாட்டிக்கு என்ன எழுதுவது?

வாளியிலிருந்து ஒரு டம்ளர் மோந்து
குடித்துப் பார்த்தாள்.
பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர்.
இன்னொரு வாய் குடித்தாள்.
உப்பு தெரியவில்லை.