வண்டி இல்லாத நேரத்துப் படம்

காட்பாடி ஸ்கேன் சென்டரில்
ராத்திரி ஒன்பதரைக்கு வந்த வலது முழங்கால்
கீமேன் முனிரத்தினத்துடையது.
லத்தேரி வரைக்கும் நடந்து நடந்து
சாவி இறுக்கிய கால்.

திரையில் அளக்கிறேன்.
உள்பக்கத்துப் பிறைச் சவ்வு
எலும்பின் விளிம்பைத் தாண்டி
நாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்
பிதுங்கி நிற்கிறது.
அது விட்டுப்போன இடத்துக்கு நேராகக்
குருத்தெலும்பு மெலிந்து மெலிந்து
ஓரிடத்தில் இல்லவே இல்லை.

எட்டிப் பார்த்தவர் சொன்னார்:
"ரப்பர் பேடு நகந்துடுச்சு.
இனி ரயிலு சிலீப்பரைத் தின்னும்."

நகர்ந்ததால் தேய்ந்ததா
தேய்ந்ததால் நகர்ந்ததா,
ஒற்றைப் படம் அதைச் சொல்லாது.
நானும் சொல்லவில்லை.

"படுக்க வச்சு எடுத்தது இது.
நின்னா இன்னும் கொஞ்சம் வெளிய வரும்."

சிரித்துவிட்டார்.
"வண்டி இல்லாத நேரத்துல பாத்தா
லைனும் அப்படித்தாம்மா,
ஒழுங்காத்தான் இருக்கும்."

எண்ணை ரிப்போர்ட்டில் ஏற்றினேன்.
ஸ்டேஷன் பக்கம் சரக்கு வண்டி ஒன்று கடக்க
மேசைமேல் டம்ளர் தண்ணீர் நடுங்கியது.
தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
கடைசிப் பெட்டியும் போன பிறகு
"நடுவுல ஒரு சக்கரம் தட்டை" என்று
பெஞ்சைப் பிடித்து எழுந்தார்,
வலது காலைக் கடைசியில் ஊன்றி.