படுத்தால் எழும்

செத்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன்.
அது சாகவும் இல்லை.
செவ்வாய் எழுந்தது. புதன் எழவில்லை.
வியாழன், பட்டனை அழுத்தியதும்
விசிறி அரைச் சுற்று சுற்றி
தப்பான வீட்டுக்கு வந்தவன்போல்
திரும்பிப் போனது.

கடையில் மொத்தமாய் வாங்கியதல்ல, நான் கோத்தது.
பதினோரு மாதம், ஒவ்வொரு கல்யாணக் காசிலும் ஒன்று:
பெட்டி, பலகை, ராம்,
முகூர்த்தம் மூன்று சேர்ந்த வைகாசியில்
இரட்டை விசிறி வைத்த கார்டு.
சைதாப்பேட்டை ஸ்டேஷன் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில்
பாய் விரித்து, மின்விசிறியை நிறுத்தி,
வியர்வை பலகையில் சொட்டாமல் இருக்க
நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு கோத்தேன்.

அதற்குள் இப்போது
சங்கமித்ராவும் விமல்ராஜும்
மாலையும் கழுத்துமாய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
கல்யாணம் முடிந்து ஏழு வாரம்.
என்னிடத்தில் இன்னும் தாலி ஏறவில்லை.
பெண்ணின் அப்பா நங்கநல்லூரிலிருந்து கூப்பிடுகிறார்:
"வளைகாப்புக்குள்ளயாவது குடுத்துடுவீங்களா தம்பி?"
நாளைக்கு சார் என்கிறேன்.
நாளை என்பது
அந்தப் பச்சை விளக்கின் இஷ்டம்.

ராமைக் கழற்றி
பென்சில் ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன்.
பட்டனை நம்பாமல்
ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பின்னைத் தொட்டேன்.
எழுந்தது.
மறுபடி தொட்டேன்.
இல்லை.
எலக்ட்ரீஷியன் பக்கிரியைக் கூப்பிட்டு
எர்த் இருக்கிறதா என்று கேட்டதற்கு
அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சிரித்தார்:
"எர்த்தா? இந்தக் கட்டடத்துலயா?"
வீட்டுக்காரர் கடல் காற்று என்றார்.
கீழ்வீட்டில் ராகு காலம் என்றார்கள்.

அதையும் விடவில்லை.
கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்
எழுந்த நேரம், எழாத நேரம் குறித்துவந்தேன்.
திருப்பிப் பார்த்தால்
ராகு காலத்தில் நாலு முறை எழுந்திருக்கிறது.
நல்ல நேரத்தில்தான்
ஒன்பது முறை காலை வாரியிருக்கிறது.

பிறகு ஆட்டோவில் ரிச்சி தெரு.
பின்சீட்டில் அதைப் படுக்க வைத்து
ஒரு கையால் அணைத்துக்கொண்டு,
அண்ணாசாலைப் பள்ளங்களில் எல்லாம்
"மெதுவா, மெதுவா" என்று
பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவன்போல் போனேன்.
நசுருதீன் கடை மேசையில் இடமில்லை.
கீபோர்டுக் குவியல் மேல் கிடத்தி வயரைச் சொருகினார்.
முதல் அழுத்தலில் எழுந்தது.
பத்து முறை அணைத்துப் போட்டார்.
பத்து முறையும்
பள்ளி ஆய்வாளர் முன்னால் நிற்கும் பையன்போல் எழுந்தது.
"ஓடுறதை எப்படிங்க ரிப்பேர் பண்றது?"
காசு வாங்கவில்லை. அது இன்னும் அவமானம்.

வீட்டுக்கு வந்து மேசையடியில் நிறுத்தினேன்.
எழவில்லை.
காலால் ஒரு உதை விட்டேன். சொல்லக் கூடாது, விட்டேன்.
அப்போது செங்கல்பட்டு லோக்கல் கடந்தது,
ஜன்னல் கம்பியும் டம்ளரும் நடுங்க.
நானும் அழுத்திக்கொண்டேதான் இருந்தேன்.
எழுந்தது.

அணைத்தேன். ரயில் இல்லை. எழவில்லை.
படுக்க வைத்தேன். எழுந்தது.
நிறுத்தினேன். படுத்துக்கொண்டது.

பக்கத் தகட்டைக் கழற்றி
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்.
எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும்
தடித்த இருபத்துநாலு பின் வயர்க்கட்டு
தன் கனத்தில் கீழே தொங்கி,
பலகையின் சாக்கெட்டிலிருந்து ஒரு நூல் அளவு
விலகி நின்றது.
கொக்கி மாட்டியிருக்கவே இல்லை.

கோத்த இரவு நினைவுக்கு வந்தது.
பெருவிரல் வலிக்க அதை அழுத்தியபோது
கடைசி ரயில் போய்க்கொண்டிருந்தது.
அந்தச் சத்தத்துக்குள்ளேயே
'டக்' கேட்டுவிட்டதாய்
நானே எனக்குச் சொல்லிக்கொண்டு
அடுத்த வயரை எடுத்திருக்கிறேன்.

இப்போது அழுத்தினேன்.
டக்.
எவ்வளவு சின்னச் சத்தம்.

விடிவதற்குள் தாலி ஏறியது.
அட்சதை விழுகிற இடத்தை மட்டும்
கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டேன்.

நிமிர்ந்து நின்றபடியே
தினமும் எழுகிறது, ஒரு மாதமாய்.
ஆனாலும் பட்டனில் விரல் வைத்ததும்
ஒரு கணம் நிற்கிறேன்,
ரயில் ஏதும் வருகிறதா என்று.