இரண்டாம் ஆட்டம், பதினோரு பேர்

காரைக்குடியில் மலையாளப் படத்துக்குப்
பதினோரு பேர் வருவது பெரிய கூட்டம்.
ஏசி போடவில்லை.
நாலு மின்விசிறியில் ஒன்று
யாரையோ கூப்பிடுவதுபோல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

முதல் நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.
ரப்பர் ஷீட் கடைக் கணக்கன் ஒருவன்
பைக் கழுவுகிறான்.
மழைக்கு ஒதுங்குகிறான்.
போன் அடிக்கிறது, பேரைப் பார்க்கிறான்,
கவிழ்த்து வைக்கிறான்.
பின்வரிசைப் பையன் கொட்டாவி விட்டு
"கதை எப்படா ஆரம்பிக்கும்?" என்றான்.
ஆரம்பித்து வெகுநேரமாயிற்று தம்பி.
போனைக் கவிழ்த்தானே, அதுதான்.

நான் நகைக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளன்.
செக்காலை ரோடு, மாடியில் கிளை.
உரைகல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம்,
மஞ்சள் நின்றால் தங்கம், பச்சை பொங்கினால் பித்தளை.
பதினாறு வருஷம் பிறர் கழுத்தை எடை போட்டவன்.
மச்சானின் மினி லாரிக்கு ஜாமீன் போட்டது
ஒரே ஒரு கையெழுத்து.
லாரி எந்த ஊரில் ஓடுகிறதோ,
தவணை மட்டும் என் வீட்டுக்கு வழி கேட்டு வந்துவிடுகிறது.

திரைக்குக் கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் வாசிக்கவில்லை.
தேவைப்படவில்லை.
கடனை அவர்கள் கடம் என்கிறார்கள்.
வட்டிக்குப் பலிச.
முதலில் பலி என்றுதான் காதில் விழுந்தது.
அடகைப் பணயம் என்கிறார்கள்;
நம்மிடம் அந்தச் சொல்
கைதியைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இடைவேளை.
கழிப்பறை வாசலில் வெள்ளைக்கண்ணு நின்றான்.
பத்து வட்டி, வாரத் தவணை,
வெள்ளிக்கிழமை தவறினால் ஞாயிற்றுக்கிழமை ஆள்.
இன்று ஞாயிறு.
சட்டையைப் பிடிக்கவில்லை.
முட்டை பப்ஸ் ஒன்று வாங்கி நீட்டினான்.
"படம் மெதுவாப் போகுதுல்ல?"
"ஆமாண்ணே."
"இவங்ய அவசரப்படவே மாட்டாங்ய.
எனக்கு அதான் புடிக்கும்."
பப்ஸ் காகிதத்தில் எண்ணெய் மெல்லப் பரவியது.
"வீட்டுல நல்லாருக்காகளா?
புள்ளைக்கு எட்டேகால் பஸ்ஸுதான?"
அவ்வளவுதான் கேட்டான்.

இரண்டாம் பாதிக்கு என் பக்கத்து இருக்கைக்கே வந்துவிட்டான்.
கணக்கன் முதலாளியின் இரும்புப் பெட்டியைத் திறக்கிறான்.
இசை இல்லை. சாவிச் சத்தம் மட்டும்.
"வேணாம்டா, மாட்டிக்குவ" என்று
வெள்ளைக்கண்ணு திரையிடம் சொன்னான்.
மெய்யாகவே வருத்தப்பட்டான்.
நான் அந்தக் கைகளையே பார்த்தேன்.
நடிகனுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை.
முதல் தடவை கை நடுங்காது.
மூன்றாம் தடவைதான்.

பொட்டலம் 417.
மெஹருன்னிஸா, புதுவயல். ஐந்தரைப் பவுன் ஆரம்.
அரக்கு முத்திரை ஒழுங்காக இருக்கிறது.
உள்ளே இருப்பது
ஆறு மாத உத்தரவாதமுள்ள கவரிங்.
அந்த அம்மா மாதாமாதம் வட்டி கட்ட வருகிறாள்,
நூறு ரூபாய் நோட்டுகளாக,
ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் நீவி.
"நம்ம உருப்படி பத்திரமா இருக்குல்ல சார்?"
இருக்கிறது என்று சொல்ல
எனக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

படம் முடிந்தபோது
கொலை நடந்ததா இல்லையா என்று பையன்களுக்குள் தகராறு.
வெள்ளத்தில் ஒரு செருப்பு போனது,
அவ்வளவுதான் காட்டினார்கள்.
வெள்ளைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
"பாவம், நல்லவன். காசுதான் அவனை இப்படிப் பண்ணிருச்சு."
பிறகு பைக்கை உதைத்துக்கொண்டே
"நாளைக்கு எப்ப வரட்டும்?" என்றான்.

நாளை ஆடிட்.
மதுரையிலிருந்து ஆள் பத்தரைக்கு வருகிறார்.
"பத்தரைக்கு வாங்கண்ணே, ஆபீசுக்கே வந்துருங்க."
ஆபீசுக்கு வா என்று
இதுவரை யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை போல.
பைக் விளக்கை அணைத்து, மறுபடி போட்டு,
என்னை ஒருமுறை பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று
நூறடி ரோடு முழுக்க யோசித்து நடந்தேன்.
கழனிவாசல் திருப்பத்தில்தான் தெரிந்தது,
பப்ஸ் இன்னும் கையில்,
ஒரு கடிகூடக் கடிக்காமல்.