நானூற்றைம்பது டாலர்

பதினோராம் எண் ட்ரையருக்கு
மோட்டாரும் பெல்ட்டும் மாற்ற எடுத்து வைத்த பணம்.
அதைத்தான் கொண்டு போனேன்
வெர்லின் ஹாய்ட்டின் கடைக்கு.

செப்டம்பர். பியூப்லோ ஊர் முழுக்கப்
பச்சை மிளகாய் சுடும் புகை.
கண்ணைத் துடைத்தபடி நுழைந்தவளை
அழுதவள் என்று நினைத்திருப்பார்.
முதலில் இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்து வைத்தார்.
"பெண்கள் இதைத்தான் கேட்கிறார்கள்."
நான் சில்லறையை மூட்டையாகத் தூக்குகிறவள்.
சும்மா பார்த்தேன்.
திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார்:
"நாள் முழுக்க என்ன வேலை, மிசஸ் ஆர்ச்சுலெட்டா?"
குனிவேன். நனைந்த போர்வைகளை அள்ளுவேன்.
மேல் தட்டிலிருந்து சோப்புத்தூளை எட்டி எடுப்பேன்.
இரவு பத்தேகாலுக்குக் கால் டாலர்களை எண்ணிப் பூட்டிப்
பின்வாசல் வழியே வண்டிக்கு நடப்பேன்.
இருபத்தாறு அடி. விளக்கு எரிவது பாதி நாள்.
ஜூலையில் அங்கேதான் ஒருவன்

அந்தக் கதையை அவர் கேட்கவில்லை.
அந்தக் கடையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை போலும்.
வருகிற எல்லாரிடமும் ஒரு ஜூலை இருக்கும்.

"சின்னது ஒளியும், ஆனால் உதைக்கும்.
பெரியது உதைக்காது, ஆனால் ஒளியாது" என்றார்.
என் முதல் கணவனும் அவன் அண்ணனும்
ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஐந்நூற்று எண்பது டாலரில் ஒன்று
கைக்கென்றே வார்த்தது போல் இருந்தது,
விலைச்சீட்டைத் திருப்பும் வரை.
இருநூற்றுப் பத்தில் ஒன்று.
"அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் வெடிக்குமா?"
"பெரும்பாலும்."
அந்தச் சொல்லை என் வாஷிங் மெஷின்களுக்கு
மன்னித்துப் பழகியிருக்கிறேன்.
இதற்கு முடியாது.

இன்னொன்றின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்.
முப்பது வருட ஈரம் ஏறிய கட்டைவிரல்
பாதியில் நின்றுவிட்டது.
நாகரிகமாக அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ரிவால்வர்.
ஐந்து குண்டு. முந்நூற்றுப் பத்து.
கைப்பிடி மரத்தில் யாரோ ஆணியால் கீறிய 'ஆர். டி.'
"ஏன் விற்றார்?"
"வாடகை" என்றார்.
அப்படித்தான் எனக்குக் கேட்டது.

உறை ஐம்பத்தைந்து.
இடுப்புக்குத் தடித்த பெல்ட் நாற்பது,
நான் வாங்க வேண்டியிருந்த பெல்ட் வேறு.
ஒரு பெட்டி குண்டு இருபத்தெட்டு.
வகுப்புக்கும் பர்மிட்டுக்கும் ஆகஸ்டிலேயே கட்டியாகிவிட்டது;
என் பத்து விரலும் கவுண்டி அலுவலகத்தில்
மையாகக் கிடக்கின்றன.
கண்ணாடி முன் நிறுத்திக் குனிய வைத்தார்,
உட்கார வைத்தார், கையை உயர்த்தச் சொன்னார்.
"சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுங்கள்."
சட்டைக்குப் பணம் ஒதுக்கவில்லை.

சட்டப்படி மூன்று நாள் காத்திருப்பு.
மூன்று இரவும் சாவிக்கொத்தை
விரல்களுக்கிடையே நீட்டிப் பிடித்து
அந்த இருபத்தாறு அடியை நடந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை யோசெலினின் மகள் இட்செல்,
ஆறு வயது,
சூடான துண்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்பவள்,
வழக்கம்போல் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.
நெற்றி டொக்கென்று இடித்தது.
"இங்கே என்ன வச்சிருக்கே?"
"சாவி."
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.
"அப்படின்னா எவ்வளவு பெரிய கதவு!"

அவள் அம்மா மடித்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து பார்த்தாள், என் முகத்தை அல்ல.
அதற்கப்புறம் மடிக்கிற கை கொஞ்சம் வேகமாகிவிட்டது.

மீதி பதினேழு டாலர்.
அதில் பின்வாசலுக்கு ஒரு பல்ப் வாங்கினேன்.
ஏணியில் ஏறிக் கையை நீட்டும்போது
சட்டை மேலே ஏறிக்கொண்டது.
தெருவில் யாரும் இல்லை.
இருந்தும் ஒரு கையால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே
மறு கையால் திருகினேன்.