சர்வரைக் காணவில்லை

'சர்வரைக் காணவில்லை' என்கிறது டிவி.
சர்வர் என்றால் எனக்கு இன்னமும்
தோளில் துண்டு,
இடது கையில் நாலு தட்டு,
"ஒரு ரவா, ரெண்டு பொடி" என்று
உள்ளே பார்த்துக் கத்துகிற ஆள்தான்.
எங்கள் வீட்டில் அது
கீல் உடைந்த பழைய லேப்டாப்.
ஷூ ரேக்கின் இரண்டாம் தட்டில்
முழுசாய் மூடினால் தூங்கிவிடும் என்று
வாயில் துணிக் கிளிப் கவ்வக் கொடுத்து
பாதி திறந்தே கிடக்கிறது,
வயிற்றில் எழுநூறு படத்தோடு.

கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆறடி.
ஆறடியில் இருக்கிறவனைத்தான்
டிவியின் முதுகில் செருகிய குச்சி
தேடு தேடென்று தேடுகிறது
திரை நடுவே வட்டம் சுற்றி.

முதல் நாள்
எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன்,
தலைவலிக்கும் திருகுவலிக்கும் ஒரே மாத்திரை.
எட்டு மணிக்கு ஆரம்பித்த படம்
நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றது.
ஒருத்தி கதவைத் திறக்கப் போகிறாள்.
கை தாழ்ப்பாளில்.

"உள்ளே யாரும் இல்லை பாரேன்" என்றாள் ஜெசிந்தா,
"காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க."
சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

இரண்டாம் நாள் ஒயரைச் சந்தேகப்பட்டேன்.
முதுநகர்க் காற்றில் எதற்கும் ஆயுசு பாதி.
லேன் முனையில் பச்சை பூத்திருந்தது.
அழிரப்பரால் தேய்த்து,
உடைந்த கிளிப்புக்குப் பல்குத்தும் குச்சி முட்டுக்கொடுத்து
மறுபடி முதலிலிருந்து.
(பாதியில் விட்டதை முதலிலிருந்துதான் பார்க்க வேண்டும்,
அது அவள் சட்டம்.)
அதே தாழ்ப்பாள். அதே கை.
"இன்னிக்கு உள்ளே அவ புருஷன் சமைக்கிறான்" என்றாள்,
"கருவாட்டுக் குழம்பு. வாசனை வருது."
வந்தது, நிஜமாகவே.
கீழ்வீட்டு அபரஞ்சி அக்காவின் அடுப்பு.

மூன்றாம் நாள் செயலியை அழித்து ஏற்றினேன்.
பாஸ்வேர்டு மறந்து
அரை மணி நேரம் போயிற்று.
எட்டரைக்கு ஆரம்பித்தோம்,
பதினோராவது நிமிடத்தில் நின்றது.
யாரோ சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அப்போதுதான் உறைத்தது,
கோளாறு படத்தில் இல்லை
கடிகாரத்தில்.

நான்காம் நாள் சிப்காட்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து
படமே போடாமல் உட்கார்ந்திருந்தேன்,
கொசுவுக்குக் காத்திருப்பவனைப் போல.
எட்டு நாற்பத்தொன்று.
கீழே சீரியலுக்கு விளம்பரம் விட்டது.
அபரஞ்சி அக்கா எழுந்து மோட்டார் போட்டார்.
ட்யூப்லைட் ஒருமுறை மங்கியது.
ஃப்ரிட்ஜ் தலையில் ரவுட்டர்
செத்துப் பிழைத்தது.
பிழைத்து எழுந்ததும்
வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் புதிதாக டோக்கன்.
ஏழாம் எண்ணில் இருந்த லேப்டாப்புக்கு
இன்றைக்குப் பதினொன்று.
குச்சிப் பயல்
ஏழாம் வாசலிலேயே நின்று மணி அடிக்கிறான்.

"ஒன்பது மணிக்கு மேல போடுங்களேன் அக்கா."
"உன் படம் ஓட என் டேங்க் காயணுமா?"
நியாயம்தான்.

சனிக்கிழமை திருப்பாப்புலியூரில்
ரவுட்டருக்கென்று உள்ளங்கை அகலத்தில்
ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கினேன்.
லேப்டாப்புக்கு ஏழாம் எண்ணை
சாகும்வரை எழுதிவைத்தேன்.
இவ்வளவுதானா என்றாள்.
இவ்வளவுதான்.

எட்டு மணிக்குப் படம்.
எட்டு நாற்பதுக்கு ஜெசிந்தா
சாப்பிடுவதை நிறுத்தினாள்.
கீழே விளம்பரம்.
நாற்காலி நகரும் சத்தம்.
மோட்டார்.
விளக்கு மங்கி நிமிர்ந்தது.

நிற்கவில்லை.
இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பி
ஃப்ரிட்ஜ் தலையில் அந்தப் பச்சைப் புள்ளியையே
பார்த்துக்கொண்டிருந்தோம்,
மூச்சு விடாமல்,
டேங்க் பாதி நிரம்பும்வரை.

திரும்பியபோது கதவு திறந்து
சாத்தியும் ஆகியிருந்தது.
அவள் தெருவில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.
உள்ளே யார் இருந்தார்கள்
என்ன சொன்னார்கள்
இரண்டு பேருக்கும் தெரியாது.

ரிமோட் என் கையில்தான் இருந்தது.