உரிமையாளர் பெயர்

பதிவேட்டில் ஏழு நிரல்கள்.
நிறம், பால், வயது (மதிப்பீடு),
பிடித்த இடம், ஊசி, காது வெட்டு.
ஏழாவதில்
காலையிலிருந்து கோடு கோடாக இழுக்கிறேன்.

பாசையூர் சனசமூக நிலையத்தில்
பத்திரிகை விரிக்கும் நீள மேசைமேல்
மயங்கிக் கிடக்கிறது முப்பத்தொன்பதாவது.
டொக்டர் சாம்பவி கடைசித் தையலை முடிந்தபடி
'கனதரம் பெத்திருக்கு. இனி இல்லை' என்கிறார்.
எழுதுகிறேன்: பெண். செந்நிறம்.
இடக் காதின் நுனியில்
நகமளவு முக்கோணம் குறைந்திருக்கிறது.

போன மாசி வரை சபைக்கு வந்த கடிதங்களில்
ஒரே வினைச்சொல்தான்.
ஐயா, தயவுசெய்து அகற்றித் தரவும்.
உடன் அகற்ற ஆவன செய்க.
எங்கே அகற்றுவது என்று
ஒருவரும் எழுதவில்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
வேறு கடிதங்களிலும் வாசித்த கண் எனக்கு.
கோப்பை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

கடி பொய்யில்லை.
றெஜினாவின் மகன், எட்டு வயது,
ரியூசனால் வரும்போது கெண்டைக்காலில்.
பெரியாஸ்பத்திரி வரிசையில்
பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றவள்
நேரே என் மேசைக்கு வந்தாள்.
'உங்கட பிள்ளைக்கெண்டால்
இப்பிடிக் கோடு கீறிக்கொண்டிருப்பியளோ?'
அதற்கு என்னிடம் நிரல் இல்லை.

அடுத்த கிழமை
மீன்சந்தைப் பின்புறம் யாரோ
ஈரலில் மருந்து தடவி வைத்தார்கள்.
விடிய நாலு கிடந்தன
கால் விறைத்து, ஐஸ் பெட்டிகளுக்கு இடையில்.
ஐந்தாவது இந்தச் செந்நிறம்.
சத்தி எடுத்துத் தப்பியது.

முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து
'உரிமையாளர் ஆர்?' என்றார் சார்ஜன்ட்.
'கட்டாக்காலி' என்றேன்.
கட்டவில்லை என்று சொல்லும்;
கட்டாமல் விட்டது ஆர் என்று சொல்லாத சொல்.
'அப்ப முறைப்பாடு ஆற்றை?'

சூடை விற்கிற ஜெசிந்தா
செதிள் ஒட்டிய கையால் என்னை விலத்தி
முன்னுக்கு வந்தாள்.
'என்ர பேரை எழுதுங்கோ.
நான் ஒண்டும் சொந்தக்காரி இல்லை.
குடலைத் தின்னுதுகள், எலியைக் கலைக்குதுகள்,
இரவில என்ர தராசுக்குக் காவல் கிடக்குதுகள்.
சம்பளம் கேளாமல் வேலை செய்யிறதைக்
கொல்லலாமெண்டு சட்டத்தில கிடக்கோ?'

சட்டத்தில் கிடந்தது வேறு.
வெள்ளைக்காரன் காலத்துப் பக்கம்,
மிருக வதை, தண்டம் நூறு ரூபா.
நீதவான் வாசித்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒரு நாய்க்கு நூறு. நாலுக்கு நானூறு.
எதிரி ஐந்நூறு ரூபாத் தாளை நீட்ட
காசாளர் லாச்சியில் மிச்சம் தேடினார்.

அந்த மிச்சம்தான்
இப்போது மேசைமேல் மூச்சு விடுகிறது.

மத்தியானம் றெஜினா வாசலில் நின்றாள்.
உள்ளே வரவில்லை.
'கடிச்சது இதுதானோ?'
'தெரியாது.'
மழித்த வயிற்றையும் தையலையும்
கனநேரம் பார்த்தாள்.
மன்னித்த முகமில்லை அது.
'எங்கட ஒழுங்கையில பதினொண்டு நிக்குது.
எப்ப வருவியள்?'
செவ்வாய் என்றேன்.
மகனின் ஊசி அட்டையைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது விதி.
பின்னேரம் கூட்டைத் திறந்ததும்
செந்நிறம் இரண்டு அடி வைத்தது,
இருந்தது,
தன் தையலை நக்கப் பார்த்தது,
பிறகு தராசடிக்குப் போய்ப் படுத்தது.
பதிவேட்டை நான் பிரிப்பதைக் கண்ட ஜெசிந்தா
கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
'என்ர பேரைப் போட்டிடாதேங்கோ.
பிறகு சபை லைசன்ஸ் காசு கேக்கும்.'

கோடு இழுத்தேன்.

நாற்பது.
கறுப்பு. ஆண். வயது இரண்டு இருக்கலாம்.
பிடித்த இடம், கடற்கரை வீதி.
வலைக்குள் நின்று
என் பேனையைப் பார்த்து உறுமுகிறது.