கொடியில் நாற்பது நொடி

அழகாபுரத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு
வடக்கே சேர்வராயன் மலை.
காலையில் நீலம், பதினொன்றுக்குச் சாம்பல்,
சில நாள் மூன்று மணிக்கு மலையே இருக்காது.
மலை காணாமல் போனால்
நாற்பது நிமிடத்தில் மழை எங்கள் தெருவில்.
விளையாட்டில் அதை நாற்பது நொடியாக்கினேன்.

வேறெதையும் கற்பனை செய்யவில்லை.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் கம்பிக்கும் நடுவே
ஐந்து நைலான் கொடிகள்.
வாயில் இரண்டு கிளிப்புக்கு மேல் கவ்வ முடியாது.
நான் எழுதிய முதல் விதி இதுதான்.
சோதித்துப் பார்த்தேன், மூன்றாவது உதட்டைக் கடித்தது.

புடவையை மடித்தால் பத்து நொடி,
சுருட்டினால் நான்கு, ஆனால்
அடுத்த கட்டத்தில் இஸ்திரிக்குக் காசு போகும்.
ஜீன்ஸ் எப்படியும் காயாது, விட்டுவிடலாம்.
போர்வை காற்றில் எழும்பி முகத்தில் அறையும்,
திரை முழுக்க ஒரு கணம் பூப்போட்ட இருட்டு.
ஒற்றைச் சாக்ஸுக்கு மதிப்பெண் கிடையாது,
ஜோடி அகப்படும் வரை.

உருக்காலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து
படம் வரைந்து கொடுத்தவன் இளம்பரிதி.
வேட்டிக்குப் பன்னிரண்டு புள்ளி போதும் என்பான்,
கரைக்கு ஒரு வரிசைப் பச்சை.
மழைக்கு முந்தின வெளிச்சம் என்ன நிறம் என்று கேட்டான்.
மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
பார்த்துக்கொண்டே நின்றதில்
என் துணி அத்தனையும் நனைந்தது.

நான்காவது, ஐந்தாவது கொடி எதிர்வீட்டாருடையவை.
தவமணி அக்கா.
மோட்டார் கரண்டு பில்லில் முந்நூற்று இருபது ரூபாய்,
பேச்சு நின்று எட்டு மாதம்.
நிரலில் அந்தத் துணிகளுக்கு நான் வைத்த பெயர்: தடை.
மோதினால் வேகம் குறையும்.
அவ்வளவுதான் அவற்றின் வேலை.

ஆடிப் பார்க்க முதலில் வந்தவள் ஜெபராணி,
ஜி.ஹெச்சில் நர்ஸ், போனில் கேம் ஆடியே பழக்கமில்லை.
தன் துணிகளை இருபத்தெட்டு நொடியில் முடித்தாள்.
மீதிப் பன்னிரண்டு நொடியும்
நான்காவது கொடியில் ஒரு குழந்தைச் சட்டையைக்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.
"இது வரமாட்டேங்குது."
"அது உங்க துணி இல்ல."
"தெரியுது. நனையுதே?"

அது பிழை இல்லை, விதி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அன்றிரவு தடை என்ற சொல்லைத் தேடிப்
பதினேழு இடத்தில் மாற்றினேன்.
இனி எடுக்கலாம். மதிப்பெண் இல்லை.
நாணயம் குலுங்காது, நன்றி என்று எழுத்து மின்னாது.
கை நிறைந்துவிடும், உங்கள் புடவை ஒன்று நனையலாம்.
"அப்ப எதுக்கு எடுப்பாங்க?" என்றான் இளம்பரிதி.
பதினொரு பேர் ஆடினார்கள், ஒன்பது பேர் எடுத்தார்கள்.
ஒருவர் எடுத்துத் தொட்டிக்கடியில் வீசினார்.
அதையும் விட்டுவைத்திருக்கிறேன்.

சிக்கல் பிறகுதான்.
மழை பிடித்துவிட்டது, துணி கையில் இருக்கிறது,
படி இறங்கினால் எதிரெதிராக இரண்டு கதவு.
என் கதவு திறக்கும், அதற்குக் கிரீச் உண்டு.
மற்றது வெறும் பழுப்புச் செவ்வகம்.

ஓசைகள் எல்லாம் இதே கட்டடத்தில் பதிந்தவை:
கிளிப்பின் டிக், ஈரக் கொடியைச் சுண்டினால் வரும் ம்ம்,
தகரத்தில் முதல் துளி, பத்தாவது துளி,
அப்புறம் எண்ணிக்கைக்கு அடங்காதது.
கதவு தட்டும் ஓசை மட்டும் பாக்கி.
நெட்டில் நூறு கிடைக்கும் என்கிறான் இவன்.
கேட்டுப் பார்த்தேன். எல்லாம் தேக்கு.
அக்கா வீட்டுக் கதவு பிளைவுட்,
அடிப்பக்கம் தண்ணீர் ஊறி உப்பியது.

இன்றைக்கு இரண்டே முக்காலுக்கே மலை இல்லை.
போனில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மாடிக்கு வந்திருக்கிறேன்.
ஐந்தாவது கொடியில்
ஒரு போர்வை, இரண்டு பள்ளிச் சீருடை,
ஒற்றைச் சாக்ஸ்.